குளிர்கால உல்லாசப் பயணமும் ஒரு பெயர்ப் பட்டியலும்

வங்காளத்துக் குளிர் நம் ஊர் மார்கழிக் குளிரைவிடச் சற்று உறைப்பானது, எனினும் அஞ்சத்தக்கதன்று. டிசம்பர் பிறந்ததும் இங்குள்ள பெரியோர் காதுகளை மூடும் கம்பளிக் குல்லாயைத் தேடி எடுத்து மாட்டிக்கொள்வர். ஈச்ச மரத்துச் சாற்றைக் காய்ச்சிய புது வெல்லம் கடைகளுக்கு வந்துவிடும். விடுமுறை நாள்களில் குடும்பம் குடும்பமாகப் பாத்திரம் பண்டங்களுடன் ஆற்றங்கரைக்குப் புறப்படுவது வங்காளிகளின் வழக்கம். ஹௌராவில் இரண்டு தலைமுறைகளாக வாழ்ந்துவரும் எங்கள் தமிழ்ச் சபையாரும் இவ்வழக்கத்தை விருப்பத்தோடு கைக்கொண்டுவிட்டனர்.

இவ்விதழைப் படிப்போருள் பெரும்பாலோர் பிற சமயத்தினராதலின், வாலிபர் ஐக்கியம் என்பது யாது என்று சிறிது சொல்லுதல் தகும். ஞாயிறு ஆராதனை முடிந்தபின் இளைஞரும் இளநங்கையரும் ஒரு மணி நேரம் கூடி, வேதாகமம் வாசித்து, ஜெபித்து, பாடல் பழகும் கூட்டமே அது. மணமாகும்வரை உறுப்பினராயிருக்கலாம் என்பது எழுதா விதி. அதனால், முப்பதைக் கடந்தும் நீங்காதிருக்கும் எங்களில் சிலரைத் தாய்மார்கள் கேலி செய்வதும் உண்டு. டிசம்பர் மூன்றாம் வாரத்தில் கீத பவனி நிகழும். ஹௌரா, கல்கத்தா முழுவதும் சிதறிக் கிடக்கும் தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களுக்கு இரவில் வண்டி அமர்த்திக்கொண்டு சென்று பாடுவோம். பக்கத்து வீட்டு வங்காளிகள் மாடியில் நின்று கேட்பார்கள். தெரு நாய்களும் தம்மாலியன்ற பங்கைச் செலுத்தும். கிறிஸ்மஸ் கழிந்தபின் ஜனவரியில் ஒரு நாள் உல்லாசப் பயணம்.

2023-ஆம் ஆண்டு ஜனவரி 26 அன்று செராம்பூர் செல்வதென்று தீர்மானித்தோம். ரயில் கட்டணம் மிக அற்பம். உணவுச் செலவும் பெரிதன்று. ஆனால் அவ்வாண்டு யாருக்கோ ஒரு யோசனை உதித்தது: எல்லாரும் ஐக்கியத்தின் பெயர் அச்சிட்ட ஒரே நிறப் பனியன் அணிந்தால் எத்துணை அழகாயிருக்கும்! ஒருவரும் மறுக்கவில்லை. நபர் ஒன்றுக்கு 500 ரூபாய் என்று முடிவாயிற்று. பொருளாளர் பொறுப்போ ரயில்வேயில் சரக்குக் கணக்கு எழுதிப் பழகிய கையிடம் இருந்தது. இவ்வரிகளை எழுதுவதும் அக்கையே. அலுவலக வழக்கப்படி பெயர்ப் பட்டியல் ஒன்று துலக்கமாக எழுதி, பணம் செலுத்தியோருக்கு நீல மையில் குறியிட்டு, செலுத்தாதோருக்கு எதிரே சிவப்பு மையில் 'நிலுவை' என்று வரைந்து, ஆலய வாயிலருகே அறிவிப்புப் பலகையில் ஒட்டினோம். எவ்வளவு ஒழுங்காயிருக்கிறது என்று பலரும் பாராட்டினர். நாங்களும் மகிழ்ந்தோம்.

பயணத்தன்று குடியரசு நாளும் சரஸ்வதி பூஜையும் ஒருங்கே வந்தன. லிலுவா, பேலூர், பாலி, உத்தரபாரா என்று நிலையத்துக்கு நிலையம் மஞ்சள் புடவை உடுத்த சிறுமியர் மேடைகளை நிறைத்து நின்றனர். 1854 ஆகஸ்ட் 15-ஆம் நாள் ஹௌராவிலிருந்து ஹுக்ளிவரை முதல் ரயில் ஓடிய அதே பாதை இது. இதனை நாங்கள் எடுத்துரைத்தபோது பிள்ளைகள் கொட்டாவி விட்டனர். ரயில்வேக்காரர்களுக்கு இது புதிதன்று.

ஆனால் செராம்பூரின் வரலாறு அவர்களையும் நிமிர்ந்து உட்காரச் செய்தது. 1755-இல் டென்மார்க்கு நாட்டார் அங்கே வணிகத்தலம் அமைத்து, தம் அரசரின் பெயரால் பிரெடரிக்ஸ்நகர் என்று அழைத்தனர். நம் தரங்கம்பாடியில் அவர்கள் 1620-லேயே காலூன்றிவிட்டவர்கள். சீகன்பால்கு ஐயர் 1706-இல் வந்திறங்கியதும், 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டதும் அந்தத் தரங்கம்பாடியிலேயே. கிழக்கிந்தியக் கம்பெனியார் தங்கள் எல்லைக்குள் மிஷனரிகளுக்கு இடமளிக்க மறுத்த காலத்தில், 1800-இல் வில்லியம் கேரிக்குப் புகலளித்தது செராம்பூர். இளமையில் செருப்புத் தைத்த அம்மனிதர் தம் துணைவர்களுடன் அங்கே அச்சுக்கூடம் நிறுவினார். 1818-இல் கல்லூரி கண்டார். 1845-இல் டேனியர் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஒருசேர ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டனர். ஆகவே இவ்வூரும் நம் கடற்கரை ஊரும் ஒரே பத்திரத்தில் கைமாறிய உடன்பிறப்புகள் என்னலாம். எங்கள் ஆயர் பெற்ற பட்டமும் செராம்பூர்ப் பட்டமே.

1806-இல் கட்டி முடிக்கப்பட்ட புனித ஓலாவ் ஆலயம் ஆற்றங்கரைக்கு அருகே நிற்கிறது. பழுதுற்றுக் கிடந்த அதனைச் செப்பனிட்ட பணிக்கு 2016-இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. உள்ளே வெள்ளைச் சுவர்களும் உயர்ந்த கூரையுமாய் ஒரே நிசப்தம். காப்பாளரிடம் அனுமதி பெற்று, ஒரு தமிழ்க் கீர்த்தனை பாட எழுந்து நின்றோம். முப்பத்தொரு பேர், முப்பத்தொரு நீலப் பனியன்கள். பல்லவி முழங்கிற்று. முதற் சரணமும் ஒருவாறு நிறைவேறியது. இரண்டாம் சரணத்தில் குரல்கள் ஒவ்வொன்றாய்த் தளர்ந்தன. மூன்றாம் சரணத்துக்கு ஒருவருக்கும் வார்த்தை வரவில்லை. எங்களில் பலர் இந்தியிலும் வங்காளியிலும் கல்வி கற்றவர்கள். தமிழை எழுத்துக்கூட்டியே வாசிப்பவர்கள். சரணங்களையெல்லாம் மனப்பாடமாய் அறிந்தவன் ஒருவனே. பதினேழு வயதுப் பையன். அன்னை பாடக் கேட்டுக் கற்றவன். அவனை ஒட்டியே நாங்கள் எப்பொழுதும் பாடிவந்தோம் என்பது அன்றுதான் விளங்கிற்று.

"அவன் எங்கே?" என்று ஆயர் கேட்டார்.

காய்ச்சல் என்று சொல்லியனுப்பியதாக விடை கூறினோம். ஆற்றங்கரையில் புளியோதரை உண்டோம், அக்கரையில் பாரக்பூர் தெரிந்தது, படம் எடுத்துக்கொண்டோம்.

திரும்பும் ரயிலில் அவன் தோழன் மெல்ல அருகில் வந்து, "அண்ணாச்சி, அவனுக்குக் காய்ச்சல் இல்லை" என்றான். பையனின் தந்தையார் பணிபுரிந்த சணல் ஆலை மூன்று மாதங்களாக அடைபட்டிருந்ததாம். அக்கா, தம்பி, தான் என மூன்று பெயர்கள், 1,500 ரூபாய். ரிஷ்ராவிலிருந்து ஹௌராவரை எங்களில் எவரும் பேசவில்லை.

மறு ஞாயிறு மூவர் அவர்கள் இல்லத்துக்குச் சென்றோம். வெறுங்கையோடு போகலாகாது என்று, மிஞ்சியிருந்த மூன்று பனியன்களையும் எடுத்துச் சென்றோம். அது இரண்டாம் பிழை. அம்மையார் தேநீர் கொடுத்து உபசரித்தார். பனியன்களை மடித்தபடியே எங்கள் பக்கம் நகர்த்திவைத்தார்.

"இல்லாமை எங்களுக்குப் புதிதல்ல, தம்பி. பிள்ளைகளை வீட்டில் இருக்கச் சொன்னால் இருந்துவிடுவார்கள். அந்தச் சிவப்பு எழுத்தைத்தான் அவன் தாங்கவில்லை. சபையார் எல்லாரும் நடந்து போகிற வாசலில், அப்பா பெயருக்குக் கீழே மூன்று தடவை எழுதியிருந்ததாமே."

நாங்கள் என்ன மறுமொழி சொல்வது? சரக்கு வண்டிக் கணக்கில் நிலுவை என்றால் அது வெறும் எண். இங்கே அது ஒரு வீட்டின் அடுப்பைத் திறந்து தெருவுக்குக் காட்டியதாயிற்று. தீய எண்ணம் இல்லை என்பது மெய். ஆனால் அந்தப் பட்டியலை எழுதும்பொழுது அப்பெயர்களுக்குரிய முகங்களை ஒருகணமும் நினைக்கவில்லை என்பதும் மெய்யே. பையன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அதன்பின் இரு மாதங்கள் ஐக்கியத்துக்கும் வரவில்லை. ஈஸ்டர் பாடல் பழகும் நாளில் அவன் அக்கா அவனை அழைத்து வந்தார்.

அடுத்த ஆண்டு பண்டேல் போவதென்று பேச்செழுந்தபோது பட்டியலே வேண்டாமென்றோம். காணிக்கை எடுக்கும் துணிப்பையையே சுற்றிவிட்டு, அவரவரால் இயன்றதைப் பார்வையில் படாமல் இடச் சொல்வதென்று தீர்மானம். மூத்தோர் ஒருவர், வசதியுள்ளவர்களும் பத்து ரூபாயோடு நிறுத்திக்கொண்டால் என்செய்வீர் என்று வினவினார். நியாயமான கேள்வியே, அத்தகையோர் சிலர் இருந்திருக்கவும் கூடும். பையில் விழுந்தது தேவைக்கு 340 ரூபாய் குறைவு. பனியன் கிடையாது, சோற்றுக்கு அரிசியை ஆயர் வீட்டு அம்மா கொடுத்தார்.

2024 ஜனவரி 26 காலை பண்டேல் ரயிலில் அக்கா, அவன், தம்பி மூவரும் ஏறினர். கோன்னகர் தாண்டியதும் அவனே கீர்த்தனையைத் தொடங்கினான். மூன்றாம் சரணத்தில் எங்கள் வாய்கள் வழக்கம்போல் ஓய்ந்தன. அவன் பாட்டை நிறுத்தி, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்து, எல்லாரும் திருப்பிச் சொன்ன பிறகே அடுத்த சரணத்துக்குப் போனான். பண்டேல் வந்தபோது இன்னும் ஒரு சரணம் பாக்கியிருந்தது.