மீமிசல் உப்புக்காற்றும் ரெண்டு போல்ட்டும்!

மீமிசலில் மாமா வீட்டு வாசலில் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்குத் தெரியும். உதட்டை நக்கினாலே உப்புக் கரிக்கும். அந்த வாசலில்தான் மாமாவின் கார் பத்து மாதங்களாக நின்றது. மாமா இப்போது சிங்கப்பூரில் இருக்கிறார். "சும்மா நின்னு வீணாப் போகுது. திருச்சிக்கு எடுத்துட்டுப் போயி நீயே ஓட்டு" என்று போனில் சொன்னதுமே, நானும் அம்மாவும் பஸ் ஏறி வந்துவிட்டோம். வழியில் ஆவுடையார்கோயில் தரிசனம், அறந்தாங்கியில் மதியச் சாப்பாடு, சாயங்காலம் திருச்சி. இதுதான் பிளான்.

புது பேட்டரி மாட்டியதும் வண்டி கிளம்பிவிட்டது. பிரேக்கை மிதித்தால் மட்டும் கரகரவென்று சத்தம். "நாள்பட நின்ன வண்டிம்மா. நாலு பிரேக் அடிச்சா சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அது பாதி உண்மை. மழையில் நனைந்த காரின் பிரேக் டிஸ்க்கில் மறுநாள் படிகிற மெல்லிய துரு அப்படித்தான் போகும். ஆனால், இது ஒரு ராத்திரித் துரு இல்லை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

ஏழெட்டு கிலோமீட்டர் போயிருப்போம். கருவேலங்காட்டுக்குள்ளிருந்து ஆடுகள் சாலைக்கு ஓடி வந்தன. பிரேக்கை அழுத்தினேன். வண்டி நிற்பதற்கு முன்னால் ஸ்டீயரிங் வலது பக்கமாக வெட்டி இழுத்தது. எதிரே லாரி. அதன் டிரைவர் மண்ணில் இறக்கி ஒதுங்கியதால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. டேஷ்போர்டில் ஊன்றிய கையை மட்டும் எடுக்கவே இல்லை.

ஆவுடையார்கோயிலை நெருங்கும்போது சாலையோரத்தில் ஒரு தகர ஷெட் கண்ணில்பட்டது. ஊர்ந்துபோய் அங்கே நிறுத்தினேன். மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒரு காலத்தில் ஜெகதாப்பட்டினத்தில் போட் இன்ஜின் வேலை பார்த்தவராம். வண்டியைச் சுற்றி வந்து, "எந்த ஊர்ல நின்ன வண்டி பாப்பா?" என்றார். மீமிசல் என்றதும் சிரித்துவிட்டார்.

புதுக்கோட்டை மாவட்டம் என்றதும் சித்தன்னவாசல், குடுமியான்மலை, திருமயம் கோட்டை என்று பாறைகள்தான் நம் நினைவுக்கு வரும். கட்டுமாவடியில் தொடங்கி மணமேல்குடி, கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மீமிசல் என்று நீளும் கடற்கரையை வெளியூர்க்காரர்கள் மறந்துவிடுகிறோம். அங்கே வாழ்பவர்களுக்குத் துருவோடு தினமும் மல்லுக்கட்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் சும்மா நிற்பதாக நினைத்திருந்தேன். "அப்பத்தான் எங்களுக்கு வேலையே. துருவச் சுரண்டி, பெயின்ட் அடிச்சு, இன்ஜினப் பிரிச்சு மாட்டி முடிக்கிறதுக்குள்ள தடையே முடிஞ்சுடும்" என்றார் அண்ணன்.

பின் சக்கரங்களுக்குக் கல் அண்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, சக்கரங்களைக் கழற்றினார். இடது பக்கம் பிரேக் பேட் துருவில் சிக்கி அசையாமல் நின்றது. வலது பக்கம் மட்டும் பிடித்ததால்தான் வண்டி அந்தப் பக்கம் இழுத்திருக்கிறது. டிஸ்க்கும் தேய்ந்திருந்தது. இதற்கு மேல் தேயக் கூடாது என்கிற குறைந்தபட்சத் தடிமனை டிஸ்க்கிலேயே பொறித்திருப்பார்கள் என்பது எனக்குப் புதுச்செய்தி. காலிப்பரைக் கழற்றியவர், அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டி வைத்தார். ஹோஸ் உள்ளுக்குள் கிழிந்தால் வெளியே தெரியாதாம்.

எல்லாம் கழன்றது. டிஸ்க் மட்டும் வரவில்லை. சக்கர நட்டுகளைக் கழற்றிவிட்டால் அதைப் பிடித்து வைக்க வேறு எதுவும் இல்லை. தட்டுமேல் கவிழ்த்த தொப்பி மாதிரி ஹப்பின் மேல் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஆனால், இரண்டுக்கும் நடுவே துரு புகுந்துவிட்டது. இரும்பு துருவாக மாறும்போது இரண்டு மடங்குக்கும் மேல் இடத்தை அடைத்துக்கொள்ளும். உப்பு சேர்ந்தால் அது இன்னும் வேகமாக நடக்கும். ஆப்பு அடித்தது மாதிரி இறுகிவிடும்.

"பெரிய சுத்தியல் இல்லையாண்ணே?" என்றேன்.

"அடிக்கலாம். உள்ள பேரிங் அடி வாங்கும். டிஸ்க் வார்ப்பிரும்பு, சில்லு தெறிச்சா கண்ணு போயிடும். ஊறட்டும் விடு" என்றபடி, ஹப்பின் விளிம்பிலும் போல்ட்டுகளைச் சுற்றியும் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்தார். பேட்களை எடுத்துத் தூரமாக வைத்திருந்தார். எண்ணெய் பட்டால் அவை குப்பைக்குத்தான் போகுமாம். புது டிஸ்க் ஜோடியும் பேட் செட்டும் வாங்க, அறந்தாங்கிக்கு ஒரு பையனை பைக்கில் அனுப்பினார். போக 14 கிலோமீட்டர், வர 14. "நீங்க நடை சாத்துறதுக்குள்ள கோயிலப் பாத்துட்டு வாங்க."

பாண்டிய மன்னன் குதிரை வாங்கக் கொடுத்தனுப்பிய பணத்தில் மாணிக்கவாசகர் எழுப்பியதாகச் சொல்லப்படும் கோயில் இது. வந்து சேர்ந்த குதிரைகளோ இரவில் நரிகளாகிவிட்டனவாம். வண்டி விஷயத்தில் ஏமாந்த முதல் ஆள் நான் இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அப்போதுதான் அம்மா சிரித்தாள். கருவறையில் லிங்கம் கிடையாது, ஆவுடையார் மட்டும்தான். மண்டபத்தின் கொடுங்கையை அண்ணாந்து பார்த்தால் மரச்சட்டங்கள், குறுக்குக் கம்பிகள், அவற்றில் அறைந்த ஆணிகள். எல்லாமே கல். அந்தக் காலச் சிற்பிகள் வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போது, 'ஆவுடையார்கோயில் கொடுங்கை நீங்கலாக' என்று சேர்த்துக்கொள்வார்கள் எனச் சொல்வதுண்டு. கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம். என் நினைப்பெல்லாம் ஷெட்டில்தான் இருந்தது.

திரும்பி வந்தபோது அண்ணன் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு நின்றார். ஸ்டைலுக்கு இல்லை, தூசிக்கு. டிஸ்க்கின் தொப்பிப் பகுதியில், சக்கர போல்ட்டுகளுக்கு இடையில் இரண்டு சிறிய மரைத்துளைகள் இருந்தன. எதையோ மாட்டும் துளைகள் என்றுதான் யாரும் நினைப்போம். பல கார்களில் இவை இருப்பதே சிக்கிய டிஸ்க்கைக் கழற்றத்தானாம். துளைகளிலிருந்த துருவைச் சுரண்டி, ஆளுக்கொரு சொட்டு எண்ணெய் விட்டு, இரண்டு எட்டு எம்.எம். போல்ட்டுகளைத் திருகினார். போல்ட்டின் நுனி ஹப்பில் போய் முட்டும். மேலும் திருகினால் டிஸ்க்தான் வெளியே வந்தாக வேண்டும். இதில் கால் சுற்று, அதில் கால் சுற்று. ஒன்றை மட்டும் முறுக்கினால் டிஸ்க் கோணிக்கொண்டு இன்னும் இறுகுமாம், இல்லையென்றால் மரை போய்விடுமாம். நடுநடுவே தொப்பியில் சுத்தியலால் மெதுவாக ஒரு தட்டு.

மூன்றாவது சுற்றில் 'டக்'கென்று சத்தம். துருப்பொடி கொட்ட, டிஸ்க் அவர் கைக்கு வந்துவிட்டது. மொத்தம் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. வலது பக்கம்தான் அடம்பிடித்தது. மறுபடி ஸ்ப்ரே, மறுபடி ஒரு டீ, மறுபடி கால் கால் சுற்றாக.

வேலை அதோடு முடியவில்லை. ஹப்பின் முகத்தைக் கம்பி பிரஷாலும் உப்புத்தாளாலும் பளபளப்பாகும்வரை தேய்த்தார். (உப்பு செய்த வேலையை உப்புத்தாள் சரிசெய்கிறது!) அங்கே ஒரு துளி துரு மிச்சம் இருந்தாலும் புது டிஸ்க் சாய்ந்து உட்காரும், பிரேக் மிதித்தால் பெடல் உதறும் என்றார். புது டிஸ்க்கின் எண்ணெய்ப் பசையைத் துடைத்து மாட்டி, சக்கர நட்டுகளை எதிரெதிராக முடுக்கினார்.

சாவியைக் கொடுத்துவிட்டு, "கிளப்புறதுக்கு முன்னாடி பெடல நல்லா பம்ப் பண்ணு பாப்பா. மொத மிதி தரைக்குப் போகும், பயந்துராத. திருச்சி போயி நட்ட ஒரு தடவ செக் பண்ணிடு. இனிமே ரொம்ப நாள் நிறுத்துனா ஹேண்ட் பிரேக் போடாத, கியர்ல விட்டு கல்லு வை" என்றார். அந்த இரண்டு போல்ட்டுகளையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

அறந்தாங்கி வந்து சேர்ந்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது, பரோட்டாதான் கிடைத்தது. ஊருக்கு வெளியே ஒரு வேகத்தடையில் பிரேக் மிதித்தேன். சத்தமில்லாமல், நேர்க்கோட்டில் நின்றது. பக்கத்தில் பார்த்தேன். அம்மாவின் கை இன்னும் டேஷ்போர்டில்தான் இருந்தது.