புள்ளை எப்ப வர்றான்?

புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு வேலை செய்யுங்கள். வழியெல்லாம் கட்டியிருக்கும் 'கண்ணீர் அஞ்சலி' பேனர்களைப் படித்துக்கொண்டே வாருங்கள். மேலே இறந்தவரின் படம். கீழே மகன்கள், மருமகன்கள், பேரன்கள். பெயருக்குப் பக்கத்தில் பி.ஏ., பி.எல். என்று படிப்பைப் போடுவதுதானே உலக வழக்கம்? இங்கே நாட்டைப் போட்டிருப்பார்கள். சிங்கப்பூர், துபாய், குவைத், மலேசியா, புருனை... ஒரே பேனரில் ஐந்து நாடுகளைப் பார்த்திருக்கிறேன். ஐ.நா. சபை ஒரு கிளை ஆபீஸ் திறக்கலாம்!

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தப் பேனர் ஏறுவதற்கு முந்தின ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்பது, இந்தப் பக்கத்துக்காரன் என்பதால் எனக்குத் தெரியும். மூச்சு அடங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. உள்ளே ஒப்பாரி ஆரம்பித்திருக்கும். வாசலில் ஊர்ப் பெரியவர் ஒருவர் தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டே கேட்பார்:

"புள்ளை எப்ப வர்றான்?"

பந்தல்காரர், மேளக்காரர், ஐஸ் பெட்டிக்காரர் எல்லாரும் அந்த ஒரு பதிலுக்காகத்தான் காத்திருப்பார்கள். பதிலோ ஊரில் இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம், ஏதோ ஒரு ஆபீஸில், ஒருவர் போடப்போகும் முத்திரையில் இருக்கிறது.

எங்கள் ஜில்லாவில் பொழைப்பு அப்படி. பாதிப் பூமி வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறைந்தால் நெல், இல்லாவிட்டால் பாஸ்போர்ட். முன்பெல்லாம் கப்பல்தான். 'ரஜூலா' என்றால் எங்கள் தாத்தாக்களுக்கு மாமன் மகள் பெயர் மாதிரி அத்தனை பழக்கம். பிறகு 'எம்.வி. சிதம்பரம்' வந்தது, 1985-ல் நடுக்கடலில் தீப்பிடித்ததோடு அதன் ஓட்டம் நின்றது. கப்பல் காலத்தில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவசரத் தந்தி போய்ச் சேர்ந்து, அவன் கப்பல் பிடித்து, ஒரு வாரம் கடலில் ஆடி வருவதற்குள் பதினாறாம் நாள் கருமாதியே முடிந்திருக்கும். காத்திருந்து பிரயோஜனமில்லை என்பதால் மனசும் தெளிவாக இருந்தது. விமானம் வந்துதான் இந்த 'வந்துருவானோ' என்ற நப்பாசையைக் கிளப்பிவிட்டது.

என் கதையைக் கேளுங்கள். 1996. சவூதியில் தம்மாமில் ஒரு கட்டுமானக் கம்பெனியில் எலெக்ட்ரீஷியன். அங்கே போய் இறங்கியதுமே பாஸ்போர்ட்டை வாங்கிக் கம்பெனி பீரோவில் வைத்துவிடுவார்கள். கையில் 'இக்காமா' மட்டும். ஊருக்குப் போக வேண்டுமென்றால் டிக்கெட் இருந்தால் போதாது. அந்த நாட்டை விட்டு வெளியே போகவே ஒரு விசா வேண்டும். எக்ஸிட் ரீ-என்ட்ரி என்று பெயர். கபீல், அதாவது முதலாளி, கடிதம் கொடுக்க வேண்டும். பேங்கில் 200 ரியால் கட்ட வேண்டும். கம்பெனியின் 'மந்தூப்' அந்தக் கட்டோடு ஜவாஸாத் ஆபீஸுக்குப் போய் முத்திரை வாங்கி வர வேண்டும். உள்ளே வர விசா கேட்பது நியாயம். வெளியே போகவுமா?

எங்கள் அய்யா புதன்கிழமை ராத்திரி இறந்துபோனார்.

புதன்கிழமை என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். சவூதியில் அப்போது வியாழனும் வெள்ளியும் அரசாங்க விடுமுறை. (2013-ல்தான் அதை வெள்ளி, சனி என்று மாற்றினார்கள்.) நம் ஊரில் 'சனிப் பிணம் துணை தேடும்' என்று பயப்படுவார்கள். எங்கள் கேம்ப்பில் நாங்கள் பயந்தது புதன்கிழமை ராத்திரிக்குத்தான். ஊரிலிருந்து போன் வந்தால் காலண்டரைப் பார்த்துவிட்டுத்தான் ரிசீவரை எடுப்போம்.

வியாழக்கிழமை காலையிலிருந்து மேனேஜரைத் தேடினேன். கடற்கரைக்குக் குடும்பத்தோடு போயிருந்தார். மந்தூப்பை அவர் ரூமிலேயே போய்ப் பிடித்தேன். அரைத் தூக்கத்தில் தோளைத் தட்டி, "மாலிஷ்" என்றார். பரவாயில்லை, விடு என்று அர்த்தம். கெட்ட மனுஷர் இல்லை. பூட்டிய ஆபீஸுக்கு அவர்தான் என்ன செய்வார்?

எங்கள் கிராமப் பக்கம் அப்போது ஐஸ் பெட்டி வரவில்லை. ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீனுக்குப் போடுகிற ஐஸ் பாரை டெம்போவில் ஏற்றி வந்து, மரத்தூள் கொட்டி அய்யாவைக் கிடத்தியிருந்தார்கள். அறந்தாங்கி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பெரியப்பா மகன் மூன்று முறை பேசினான். மூன்றாவது முறை குரல் தணிந்திருந்தது. "அண்ணே, ஐஸ் தாங்கல. நாளைக்குச் சனிக்கெழமை வேற. பெரியவங்க என்ன சொல்றாங்கன்னா..." அவன் முடிக்கவில்லை. "எடுத்துருங்கடா" என்று நான்தான் சொன்னேன். வீட்டுக்கு நான் ஒரே பையன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவன் கொள்ளி வைத்தான். சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கு என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழுந்தது.

பெரியப்பா எனக்காக அஸ்தியை மண் கலயத்தில் வைத்துத் துணி கட்டி, கொல்லை வேப்பமரத்தில் தொங்கவிட்டிருந்தார். ராமேஸ்வரம் கொண்டுபோய்க் கரைத்தேன்.

எல்லாக் கபீலும் ஒரே மாதிரி என்று சொல்ல மாட்டேன். என் பக்கத்துக் கட்டில்காரரின் அம்மா இறந்தபோது, அவருடைய கபீல் தெரிந்த அதிகாரியை வீட்டிலேயே போய்ப் பிடித்து வேலையை முடித்து, ஏர்போர்ட்டுக்கும் தானே காரோட்டி வந்து, சட்டைப் பையில் 500 ரியாலும் திணித்துவிட்டுப் போனார். அம்மா முகம் பார்ப்பது கபீலின் குணத்தைப் பொறுத்தது என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை.

சமீபத்தில் இந்த விஷயமாகவே பேச்சுக் கொடுத்துக்கொண்டு ஆவுடையார்கோயில், மீமிசல் வழியாகக் கோட்டைப்பட்டினம் வரை போனேன். கடற்கரைச் சாலையோரம் ஒரு டீக்கடையில் வெள்ளைத் தொப்பி பெரியவர் ஒருவர். ஜித்தாவில் நெடுநாள் இருந்தவராம். நான் ஐஸ் கதையைச் சொன்னதும் கிளாஸைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு அந்தத் தொல்லையே கெடையாது தம்பி. மையித்தைப் போட்டு வைக்கக் கூடாது. காலைல மவுத்துன்னா அஸருக்குள்ள அடக்கம். யாருக்கும் காத்திருக்கறதில்ல."

"அப்ப அவசர விசாவே வேணாம்னு சொல்லுங்க."

"யாரு சொன்னா? எங்க வாப்பா மவுத்தான சேதி கேட்டு நானும் ஓடித்தான் வந்தேன். மூணாம் நாள் வந்து கபரைப் பாத்தேன். மண்ணு காஞ்சு போச்சு." ஒரு நிமிஷம் கடல் பக்கம் பார்த்துவிட்டு, "டீ ஆறுது, குடிங்க" என்றார்.

புதுக்கோட்டைச் சீமையில் இப்படி அவதிப்பட்டது குடிபடைகள் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். கலெக்டர் ஆபீஸ் நடக்கிறதே, அந்தப் பழைய அரண்மனைப் பக்கம் போனால் எனக்கு மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் ஞாபகம் வரும். 1915-ல் ஆஸ்திரேலியாவில் மோலி ஃபிங்க் என்ற பெண்ணை மணந்துகொண்ட ராஜா. வெள்ளைக்கார சர்க்கார் அவரை ராணியாக ஏற்கவே இல்லை. ராஜா நாட்டை விட்டு வெளியிலேயே வாழ்ந்து 1928-ல் பாரிஸில் இறந்தார். தகனம் லண்டனில், கோல்டர்ஸ் க்ரீனில். சொந்தச் சீமையில் ஒரு பிடி சுள்ளிக்கு ராஜாவுக்கே கொடுப்பினை இல்லை.

இப்போது காலம் மாறிவிட்டதா? அறந்தாங்கியில் டிராவல்ஸ் வைத்திருக்கும் தம்பியிடம் கேட்டேன். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் வந்தால் அவர் 'எந்த ஊர் டிக்கெட்' என்று கேட்பதில்லையாம். "எந்த நாடு, என்ன விசா, என்ன வேலை? மூணையும் கேட்டாலே ஆள் வந்து சேருவாரா மாட்டாரான்னு சொல்லிருவேன் சார்" என்றார். ஜோசியர் தோற்றார்!

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர் என்றால் கவலையில்லை. வெளியே போக விசா கேட்பதில்லை. லீவும் டிக்கெட்டும் கிடைத்தால் நாலு மணி நேரத்தில் திருச்சி. கடிகாரம் இரண்டரை மணி நேரம் வேறு பரிசு கொடுக்கும். ஏர்போர்ட்டே புதுக்கோட்டை ரோட்டில்தான் இருக்கிறது. 2024-ல் புது டெர்மினல், கோபுரமும் சிற்பமுமாகப் பளபளக்கிறது. துக்கத்துக்கு வருகிறவர்கள் அதை நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

அதே சிங்கப்பூரில் குடியுரிமை வாங்கியவர் என்றால் சமாசாரம் தலைகீழ். இந்தியச் சட்டத்தில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. நம் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டவர், பிறந்த ஊருக்கு வரவே விசா எடுக்க வேண்டும்! ஓ.சி.ஐ. அட்டை இருந்தால் பிழைத்தார், ஆயுளுக்கும் விசா வேண்டாம். இல்லாதவர் கம்ப்யூட்டரில் இ-விசா போடலாம். ஆனால் வருவதற்கு நாலு நாள் முன்னதாக விண்ணப்பிக்கச் சொல்கிறார்கள். சாவு நாலு நாள் முன்னால் சொல்லிவிட்டா வருகிறது? இம்மாதிரி அவசரத்துக்குத் தூதரகங்கள் விடுமுறை நாளிலும் விசா தருவதுண்டு. அதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டோ இறப்புச் சான்றோ காட்ட வேண்டும். வீட்டில் படுத்தபடியே போனவருக்கு ஆஸ்பத்திரிச் சீட்டுக்கு எங்கே போக? கிராமத்தில் இறப்பைப் பதிகிறவர் வி.ஏ.ஓ. ஆகவே பிணத்தை வீட்டில் வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை வி.ஏ.ஓ.வைத் தேடி மோட்டார் சைக்கிளில் பறக்கும் மருமகன்களை எங்கள் பக்கம் நீங்கள் பார்க்கலாம்.

சவூதியிலும் கதவு கொஞ்சம் திறந்திருக்கிறது. 2021 மார்ச்சிலிருந்து தொழிலாளியே போனில் விண்ணப்பித்து எக்ஸிட் ரீ-என்ட்ரி எடுக்கலாம், முதலாளி சம்மதம் தேவையில்லை. நிமிஷத்தில் வேலை முடிகிறது என்கிறார்கள். கேட்டதும் பெருமூச்சுதான் வந்தது எனக்கு. ஆனால் வீட்டு டிரைவர், வீட்டு வேலைக்காரர், ஆடு மேய்ப்பவர், தோட்ட வேலைக்காரர் இவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்களில் வீட்டு டிரைவர்களுக்குப் பஞ்சமில்லையே! குவைத்திலோ அதுவரை இல்லாத ஒன்றை 2025 ஜூலையில் கொண்டுவந்தார்கள். தனியார் கம்பெனியில் வேலை பார்க்கும் வெளிநாட்டுக்காரர் நாட்டை விட்டுப் போக, முதலாளி ஒப்புதலோடு எக்ஸிட் பெர்மிட் வேண்டும்.

அது எப்படி வேலை செய்கிறது என்பதை எங்கள் ஊரிலேயே பார்த்தேன். என் அத்தை முறை ஆத்தா ஒருவர், எண்பதைத் தாண்டியவர், விடியற்காலம் போய்விட்டார். மூன்று பிள்ளைகள். சிங்கப்பூர்க்காரன் சாயங்காலமே வந்துவிட்டான். துபாய்க்காரன் மறுநாள் காலை திருச்சியில் இறங்கிப் பத்து மணிக்கு வாசலில் நின்றான். கடைசிப் பிள்ளை குவைத்தில். தாய்க்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன்தான். இப்போதெல்லாம் ஐஸ் பெட்டி வந்துவிட்டது, கரண்டு இருக்கும்வரை தாங்கும். ஆனால் கம்பெனியில் பெர்மிட்டுக்கு 'ஓ.கே.' அழுத்த வேண்டிய அதிகாரி மீட்டிங்கில் இருந்தார்.

மதியம் மூன்று மணி வரை பார்த்தார்கள். ஊர்ப் பெரியவர் வெயிலை அண்ணாந்து பார்த்தார். எடுத்துவிட்டார்கள். சுடுகாட்டில் ஒரு பையன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். திரையில் கடைக்குட்டி தலையில் அடித்துக்கொண்டு அழுதது சத்தமில்லாமல் தெரிந்தது. எங்கள் சுடுகாட்டில் சிக்னல் அவ்வளவுதான்.

மறுநாள் பால் தெளிப்புக்கு வந்து சேர்ந்தான். வேலை உடுப்பைக்கூட மாற்றவில்லை. பெண்கள் கட்டிக்கொண்டு அழுது ஓய்ந்ததும் பெரியவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளுப்பா லீவு?"

"ஏழு நாள்தான் மாமா குடுத்துருக்காங்க."

பெரியவர் விரல் விட்டு எண்ணினார். பதினாறு எங்கே, ஏழு எங்கே? திண்ணையில் இருந்தவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"அப்ப கருமாதியை அஞ்சாம் நாளே வச்சுக்குவோம். ஐயரைக் கூப்புட்டு விடுங்கப்பா."