ஆட்களோடு வாங்கிய வீடு

ஸ்காபரோவிலிருந்தும் ஹரோவிலிருந்தும் எனக்கு வரும் மடல்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலைகாட்டுகிறது. கொழும்பில் இரண்டு மூன்று குடும்பங்கள் இருக்கத்தக்க சிறிய மாடிவீடொன்றை வாங்கி வாடகைக்கு விட்டால் என்ன என்பதே அது. ஆயுள் முழுவதும் செய்தி எழுதிப் பிழைத்தவனிடம் முதலீட்டு ஆலோசனை கேட்பது வேடிக்கைதான். ஆயினும் 2019 இல் நானும் மனைவியும் கொட்டாஞ்சேனையில் அத்தகைய வீடொன்றை வாங்கி இன்றுவரை பராமரித்து வருகிறோம். ஆகவே பட்டறிந்ததைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டென்று நினைக்கிறேன்.

நாங்கள் முதலில் தேடியது வெள்ளவத்தையில். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் பழைய தனிவீடுகள் பல மறைந்து தொடர்மாடிகள் எழுந்துவிட்டன. எஞ்சிய காணிகளுக்கு ஒரு பேர்ச்சுக்குக் கேட்கப்பட்ட விலை எங்கள் கைக்கு எட்டவில்லை. கொட்டாஞ்சேனையில் எட்டியது. கீழே ஒரு குடும்பம், மேலே இரண்டு. விலையும் அயலைவிடக் குறைவு. குறைவுக்குக் காரணம் கேட்டபோது தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "கீழ் வீட்டில பழைய ஆள் ஒண்டு இருக்கு. வயசுபோன மனுசி. இன்னும் எவ்வளவு காலம் சேர்?"

அந்தப் 'பழைய ஆள்' ஓய்வுபெற்ற ஆசிரியை. 1974 இல் மணமகளாக அந்த வீட்டுக்கு வந்தவர். 1983 ஜூலைக் கலவரத்தில் அகதி முகாமுக்குப் போய், அதே வீட்டுக்குத் திரும்பியவர். கணவர் காலமான பின் மகளுடன் வாழ்கிறார். அவர் கொடுத்துவந்த மாத வாடகையில் இருவர் ஒரு நேரம் கடைச்சாப்பாடு சாப்பிடலாம்.

இவ்விடத்தில் சட்டத்தின் கதையைச் சொல்ல வேண்டும். இலங்கையில் வாடகைக் கட்டுப்பாடு இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942 இல் தொடங்கியது. இன்று நாம் பேசும் வாடகைச் சட்டம் 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்கச் சட்டமாகும். மறு ஆண்டில், வீடமைப்பு அமைச்சராக இருந்த பீற்றர் கெனமனின் காலத்தில், வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டமும் வந்தது. குடும்பமில்லாத தனியொருவர் இரண்டு வீடுகளுக்கு மேல் வைத்திருக்க இயலாது என்றது அது. தமக்கெனக் காணி இல்லாத பல்லாயிரம் நகரவாசிகளுக்கு இச்சட்டங்கள் பெரும் காப்பு. மறுபுறம், வாடகையால் வருமானம் இல்லையென்று கண்ட சொந்தக்காரர்கள் பழைய வீடுகளைத் திருத்துவதைக் கைவிட்டார்கள். 1980 இல் வந்த திருத்தம், அதன் பின் கட்டப்படும் குடியிருப்பு வீடுகளுக்கு விலக்களித்தது. நாங்கள் வாங்கிய வீடோ அதற்கு மிக முற்பட்டது.

எங்கள் சட்டத்தரணி ஒளிவுமறைவின்றிச் சொன்னார். ஆள் இருக்கும் வீட்டை அறிந்தே விலைக்கு வாங்கியவர், 'எனக்கு இவ்வீடு தேவை' என்ற காரணத்தைக் காட்டி அந்த ஆளை வெளியேற்ற வழக்காட முடியாது. இறப்புடனும் வாடகை உரிமை முடிவதில்லை. உடன் வசிக்கும் பிள்ளைக்குச் செல்லும். தரகரின் கணக்கில் மகள் சேர்க்கப்படவே இல்லை.

குடியிருப்பவரை வெளியேற்றுவதை எங்கள் பேச்சுவழக்கில் 'எழுப்புதல்' என்போம். கொழும்புத் தமிழருக்கு அச்சொல்லின் பாரம் தனியானது. 2007 ஜூன் 7 அதிகாலையில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை ஆகிய இடங்களின் விடுதிகளில் தங்கியிருந்த தமிழர் 376 பேர் எழுப்பப்பட்டு, பஸ்களில் ஏற்றி அனுப்பப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அந்நடவடிக்கைக்கு இடைக்காலத் தடை விதித்தது. போர் நடந்த அவ்வாண்டுகளில், வீட்டில் இருப்போரின் பெயர்ப் பட்டியலைப் பொலிஸில் பதிய வேண்டியிருந்ததால், வடக்கு கிழக்கிலிருந்து வந்தோருக்கு வீடு தர நம்மவரே தயங்கினார்கள். இவற்றையெல்லாம் செய்தியாக எழுதியவன் நான். இப்போது வீட்டுக்காரன் என்ற கதிரையில் அமர்ந்திருக்கிறேன்.

உறுதி எழுதி முடிந்த வாரம் கீழ் வீட்டுக்குப் போனோம். தேநீர் வைத்துவிட்டு ஆசிரியை கேட்டார்: "தம்பி, எங்களை எழுப்பப் போறியளோ?"

"இல்லை ரீச்சர். கூரையைப் பார்க்கத்தான் வந்தனான்" என்றேன்.

கூரை ஒழுகியது. முன்னைய சொந்தக்காரர் ஆண்டுக்கணக்காக அதைத் தொடவில்லை. ஒழுக விட்டால் ஆள் தானாக எழும்பும் என்பது இந்நகரில் பலர் அறிந்த உபாயம். நாங்கள் மேசன் பாஸைக் கூட்டிவந்து திருத்தினோம். அதற்கு இரக்கத்தை மட்டும் காரணமாகச் சொல்ல மாட்டேன். ஒழுக்கு ஒரு வீட்டோடு நிற்பதில்லை. சுவர் மூன்று குடும்பங்களுக்கும் பொது.

கணக்கையும் அவ்வாறே போட்டோம். கீழ் வீட்டின் வருமானம் பூச்சியம், மேல் வீடுகள் இரண்டின் வாடகையில் வருடத்துக்கு ஒரு மாதம் வெறுமை, திருத்த வேலைக்கு ஒரு பங்கு, சோலைவரி. இத்தனையும் கழித்த பின் வங்கித் தவணை கட்ட முடிகிறதா என்று பார்த்தோம். மயிரிழையில் முடிந்தது. வாங்கினோம்.

அந்த மயிரிழையை 2022 சோதித்தது. ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கடன் எடுத்த எல்லோருடைய தவணையும் ஏறியது. மின்கட்டணம் அவ்வாண்டு ஆகஸ்டில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் உயர்ந்தது. மேல் வீடுகள் இரண்டுக்கும் ஒரே மின்மானி. யார் எவ்வளவு பாவித்தார் என்று படிக்கட்டில் சண்டை. தனித்தனி மானி பொருத்திய பின்புதான் அமைதி திரும்பியது. அதே வேளையில், புறக்கோட்டைக் கடையொன்றில் கணக்கெழுதிய மேல் வீட்டு இளைஞருக்குச் சம்பளம் பாதியானது. ஆறு மாதத்துக்கு வாடகையில் கால் பங்கைக் குறைத்தோம். அவர் போயிருந்தால் இரண்டு மாத வெறுமை, வெள்ளையடிப்பு, தரகுக் கூலி ஆகியன அதைவிடக் கூடுதலாக விழுங்கியிருக்கும். வீட்டில் நல்ல ஆள் இருப்பதும் ஒரு முதல்தான். இடைவெளிக்கு என் மனைவியின் சேமிப்பு கரைந்தது.

மடல் எழுதியோருக்குச் சில குறிப்புகள். வெளிநாட்டுக் குடியுரிமை மட்டுமே உடையவர் இங்கே காணியைத் தம் பெயருக்கு விலைக்கு எழுதுவிப்பதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை உடையோருக்கு அத்தடை இல்லை. காணிப் பதிவகத்தில் உறுதியின் பூர்வீகத்தைத் தேடுவதோடு நில்லாமல், மாநகரசபையில் அங்கீகரித்த கட்டட வரைபடத்தையும் கேளுங்கள். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பது 1840 ஆம் ஆண்டிலிருந்து இந்நாட்டுச் சட்டம். கடதாசித் துண்டில் ஒப்பமிட்டுத் திருப்தியடைய வேண்டாம். குத்தகைக் காலம் முடிந்தும் வெளியேறாதவரிடமிருந்து வீட்டை விரைவாக மீட்க 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம் வழி செய்துள்ளது. அதுவும் முறையாக எழுதி வைத்தவருக்கே உதவும்.

இவையெல்லாவற்றுக்கும் முன்னர் ஒன்றைச் செய்யுங்கள். அவ்வீட்டில் இப்போது இருக்கும் ஒவ்வொருவரும் இன்னும் இருபது ஆண்டுகள் அங்கேயே இருப்பார் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். கூடிவந்தால் வாங்குங்கள். யாரோ ஒருவர் எழும்பினால்தான், அல்லது இறந்தால்தான், கூடிவரும் கணக்கென்றால் விட்டுவிடுங்கள். அத்தகைய வீட்டை வாங்கியவர் ஒரு மனிதரின் முடிவுக்காக மாதந்தோறும் காத்திருக்க நேரும்.

ஆசிரியைக்கு இப்போது கண்பார்வை மங்கிவிட்டது. வாடகையை முதலாந் திகதி மகள் கொண்டுவந்து தருகிறார். சென்ற மாதம், பற்றுச்சீட்டில் தாயின் பெயரோடு தன் பெயரையும் எழுத முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். மகளுக்கு வயது நாற்பத்தாறு. மனைவி என்னைப் பார்த்தார். நான் பேனையை எடுத்து இருவர் பெயரையும் எழுதினேன்.