வாயிற்காவலன் பேசும் மொழி

பாறசாலையிலிருந்து களியக்காவிளைக்கு நடந்தே போய்விடலாம். போகிற வழியில் கேரளம் முடிந்து தமிழ்நாடு தொடங்குகிறது. எந்த இடத்தில் முடிகிறது, எந்த இடத்தில் தொடங்குகிறது என்று மண்ணைப் பார்த்துச் சொல்ல இயலாது. இருபக்கமும் அதே செம்மண். அதே ரப்பர் மரம். அதே மரச்சீனிக் கிழங்கு. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று போட்ட கோட்டின் ஓரத்தில்தான் எங்கள் வீடு இருக்கின்றது.

என் தந்தையார் தோவாளைக்காரர். நான் பிறப்பதற்கு முன்பே பிழைப்பை நாடி இப்பக்கம் வந்து, நெய்யாற்றின்கரையில் சிறு பூக்கடை வைத்தார். இன்றும் தோவாளைச் சந்தைப் பூ எல்லை கடந்து வந்தால்தான் எங்கள் அடுப்பு எரியும். அப்பா மலையாளம் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. தமிழ் மட்டுமே படிப்பார். மகனாகிய நான் கணிப்பொறி அறிவியலில் முதுகலை பயில்கின்றேன். இவ்வாண்டு எங்களுக்கு வைத்திருக்கும் பாடங்களுள் ஒன்று, பாதுகாப்பான இயங்குதளங்களை வடிவமைப்பது எப்படி என்பது. அந்தப் பாடம் எனக்கு வகுப்பில் பாதியும் வீட்டில் பாதியுமாக நடந்தது. அதைத்தான் இங்கே சொல்ல விரும்புகின்றேன்.

கணிப்பொறி படிக்காத நண்பர்களுக்கு ஒரு சொல். கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் பல நிரல்கள் ஒரே வேளையில் ஓடுகின்றன. ஒன்றின் நினைவகத்தில் மற்றொன்று கைவைக்காமலும், ஒருவர் கோப்பை மற்றொருவர் திறக்காமலும் பார்த்துக்கொள்வது இயங்குதளம். அதன் நடுப்பகுதியாகிய கெர்னல்தான் வாயிற்காவலன். எந்த நிரலுக்கு எது வேண்டுமாயினும் அவனிடம் கேட்டே பெறவேண்டும்.

இக்காவலனுக்கு மூன்று இலக்கணம் உண்டென்று ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் 1972இல் அமெரிக்க விமானப்படைக்கு அளித்த அறிக்கையில் கூறினார். ஒவ்வொரு முறையும் அவனைக் கடந்தே செல்லவேண்டும். அவனை எவரும் மாற்றிவிட முடியாதிருக்க வேண்டும். முழுவதும் ஆராய்ந்து பார்க்கத்தக்க அளவுக்கு அவன் சிறியவனாக இருக்கவேண்டும். முதல் இலக்கணத்தைப் பேராசிரியர் விளக்கியபோதே எனக்கு ஊர் நினைவு வந்தது. 2020இல் பெருந்தொற்று வந்தபோது அனுமதிச் சீட்டின்றி எல்லை கடக்கக் கூடாது என்றார்கள். பெருஞ்சாலையில் காவலர் நின்றார்கள். ரப்பர்த் தோட்டத்து ஒற்றையடிப் பாதைகளுக்கு எத்தனை காவலரை நிறுத்துவது? ஒரு பாதை விட்டுப்போனாலும் காவல் முழுமையாகாது அன்றோ?

மூன்றாம் இலக்கணமும் கைகூடிய ஒன்றே. சிட்னி நகரத்து ஆய்வாளர்கள் எஸ்இஎல்4 என்னும் கெர்னலை எழுதி, அது வகுத்த விதிப்படியே நடக்கும் என்பதை 2009இல் கணித முறையால் மெய்ப்பித்தார்கள். ஏறத்தாழ ஒன்பதாயிரம் வரி நிரல்தான் அது. அதைப் பற்றிப் படித்த இரவில் எனக்கு உறக்கம் வரவில்லை. இனிக் கள்வனுக்கு இடமேது என்று மகிழ்ந்தேன். அந்த மகிழ்ச்சி ஓணம் வரையில்தான் நீடித்தது.

ஓணத்துக்கு முந்திய பத்து நாளும் பூக்காரர்களுக்கு அறுவடை. வீட்டுக்கு வீடு அத்தப்பூக்களம் போடுவார்கள். சந்தையில் முன்பணம் கொடுப்பதற்கென்று அப்பா 18,000 ரூபாயைக் கணக்கில் சேர்த்து வைத்திருந்தார். ஒரு மாலையில், தன்னை வங்கி அலுவலன் என்று சொல்லிக்கொண்ட ஒருவன் அவரை அழைத்தான். "அண்ணாச்சி" என்று வாய்நிறையக் கூப்பிட்டான். கணக்கு இன்றே முடங்கிவிடும் என்றும், தான் அனுப்பும் செயலியை ஏற்றினால் சரிசெய்து தருவதாகவும் சொன்னான். அச்செயலியோ நம் கைப்பேசித் திரையை அப்படியே அயலானுக்குக் காட்டுவது. கைப்பேசி சும்மா இருக்கவில்லை. "அனுமதிக்கலாமா?" என்று மூன்று முறை கேட்டது, ஆங்கிலத்தில் கேட்டது. எங்கே அழுத்தவேண்டும் என்பதை அவன் தமிழில் சொன்னான். கால்மணி நேரத்தில் கணக்கு காலியாயிற்று.

ஏமாற்ற வந்தவன் தமிழ் பேசினான். எச்சரிக்க வந்த காவலன் ஆங்கிலம் பேசினான். என் தந்தை யாரை நம்புவார்?

அந்தக் கைப்பேசியை வாங்கி, வேண்டியவற்றை எல்லாம் ஏற்றிக் கொடுத்தவன் நான். தமிழை வைத்துக்கொள்ளும் வசதி அதில் இருந்தது. ஆங்கிலமாக இருந்தால் எனக்குப் பார்க்க எளிது என்று அப்படியே விட்டேன். "எது கேட்டாலும் வலப்பக்கம் அழுத்துங்கள், வேலை நடக்கும்" என்று கற்றுக் கொடுத்தவனும் நானே. அப்பா நான் சொன்னபடிதான் செய்தார்.

வெட்கத்தால் அவர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. இத்தகைய மோசடி நடந்தவுடன் 1930 என்ற எண்ணுக்கு அழைக்கவேண்டும். பணம் கைமாறிப் போவதற்குள் தடுக்க அப்போதுதான் வழியுண்டு. நாங்கள் அழைத்தபோது காலம் கடந்துவிட்டது. அம்மாவின் வளையல் அடகுக் கடைக்குப் போயிற்று. ஓணத்துப் பூ வந்தது.

விடுமுறை முடிந்து வகுப்புக்குத் திரும்பினேன். மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் மாணவர் பயிற்சிக்கென்று எழுதிய எக்ஸ்வி6 என்னும் சிறு இயங்குதளத்தில் புதிய பணி ஒன்றைச் சேர்த்துவர வேண்டும் என்பது எங்களுக்கு இட்ட பயிற்சி. நான் எழுதியது அழகாக ஓடிற்று. பேராசிரியர் பத்து வரியில் ஒரு நிரல் எழுதி, தனக்கு உரிமையில்லாத நினைவக முகவரியைக் கொடுத்து, அங்கே இருப்பதை எடுத்துத் தரும்படி என் கெர்னலைக் கேட்டார். அது மறுபேச்சின்றி எடுத்துக் கொடுத்தது. முகவரி கேட்பவனுக்கு உரியதுதானா என்று சோதிக்க நான் மறந்திருந்தேன். அதிகாரம் உள்ளவனை ஏவி, அதிகாரம் இல்லாதவன் காரியம் சாதிப்பது. 1988இல் நார்ம் ஹார்டி என்பார் இந்நிலைக்குக் குழம்பிய கையாள் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். வகுப்பில் எல்லாரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. கரும்பலகையில் எனக்குத் தெரிந்தது பூக்கடையில் அமர்ந்திருந்த அப்பாவின் முகம்.

பிறகுதான் சால்ட்சர், ஷ்ரோடர் என்ற இருவர் 1975இல் எழுதிய கட்டுரையை ஊன்றிப் படித்தேன். பாதுகாப்புக்கு எட்டு நெறிகளை அவர்கள் வகுத்துள்ளனர். எந்த நிரலுக்கும் அதன் வேலைக்கு வேண்டிய அளவே உரிமை கொடு என்பது ஒன்று. காவல்முறை மனிதர் எளிதில் உணர்ந்து கையாளத்தக்கதாக இருக்கட்டும் என்பது மற்றொன்று. தேர்வுக்குப் படித்தபோது இந்தக் கடைசி நெறியை ஒரு வரியில் கடந்துபோயிருந்தேன். கணிதத்தால் மெய்ப்பித்த கெர்னலும் தனக்கிட்ட விதியைத்தான் காக்கும். உரியவரே "சரி" என்று அழுத்திவிட்டால், அவருக்குக் கேள்வி விளங்கிற்றா என்று அது எப்படி அறியும்?

அடுத்த ஞாயிறன்று கைப்பேசியைத் தமிழுக்கு மாற்றினேன். அப்பாவை அருகில் வைத்துக்கொண்டு, செயலிகளுக்கு நான் வாரி வழங்கியிருந்த உரிமைகளை ஒவ்வொன்றாகப் பறித்தேன். இத்தோடு என் கடன் தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை.

"லே மக்கா, தொடர்புகளை அணுகன்னு போட்டிருக்கே, அப்படீன்னா என்னது?"

"நீங்க எழுதி வச்சிருக்கிற நம்பரை எல்லாம் எடுத்துப் பார்க்கட்டுமான்னு கேக்குதுப்பா."

"அதை அப்படியே கேட்டா என்னவாம்?"

எனக்கு விடை தெரியவில்லை. கேரளத்து ஆட்சிமொழிச் சட்டம் 1969இலேயே, தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தம் மொழியில் எழுத இடம் தந்தது. எல்லையோர மக்களுக்கு அது பெரும் உரிமை. ஆனால் இன்று நம் பெற்றோர் நாள்தோறும் போய் நிற்கும் வாயில், உள்ளங்கை அகலக் கண்ணாடித் திரையாக இருக்கின்றது. அங்கே கேட்கப்படும் கேள்வி, ஒரு பூக்காரருக்குப் புரியும் தமிழில் இருக்கவேண்டும். அத்தமிழை ஆக்க நிரல் அறிந்தவனும் வேண்டும். மொழி அறிந்தவனும் வேண்டும். இருவரும் நம் மன்றத்தில் ஒரே விசிப்பலகையில்தானே அமர்ந்திருக்கின்றோம்?

பயிற்சி நிரலில் விட்டுப்போன சோதனையைச் சேர்த்துவிட்டேன், நான்கே வரி. கைப்பேசி கேட்கும் கேள்விகளை அப்பா கேட்டபடி திருத்தி எழுதும் ஏடு ஒன்றும் தொடங்கியிருக்கின்றேன். ஒவ்வொரு வரியையும் இரவில் கடை சாத்தியபின் அவரிடம் படித்துக் காட்டுகின்றேன். இதுவரை அவர் ஒப்புக்கொண்டவை பதினொன்று. விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்கள், தம் வீட்டு அப்பா, அம்மா, ஆச்சியிடமும் அவற்றைப் படித்துக் காட்டி, விளங்கவில்லை என்று அவர்கள் சொல்வதை எனக்கு எழுதிவந்து தரவேண்டுகின்றேன்.