நோயாளியின் யாமம்

நிலமும் பொழுதும் ஆகிய இரண்டுமே முதற்பொருள் எனத் தொல்காப்பியனார் வகுத்தனர். மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சிக்கு உரிய சிறுபொழுது யாமம் என்பது தமிழ் பயில்வார் யாவரும் அறிந்ததே. இவ்விலக்கணம் செய்யுட்கு உரியதென்றே யாம் வகுப்பிற் கற்றோம். மனிதர்தம் உடற்கும் அஃது உரியதென்பதையும், நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே இழந்தவர் தம்மையே இழக்கக்கூடும் என்பதையும், சென்ற ஆண்டு எம் பாட்டனார் நோயுற்றபோதே உணர்ந்தோம்.

பாட்டனார் பழனிமலையிலுள்ள பூம்பாறையில் பூண்டு பயிரிடுபவர். அம்மலைமேலுள்ள கோடைக்கானல் வானாய்வகத்தில் 1901 முதல் ஞாயிற்றைக் கருவிகொண்டு நோக்கிக் குறித்து வருகின்றனர். பாட்டனார்க்கோ கைக்கடிகாரமும் வேண்டுவதில்லை. படிக்கட்டு நிலத்தில் நிழல் நகர்வதையும், பள்ளத்தாக்கில் மூடுபனி ஏறி இறங்குவதையும் கண்டே நேரம் சொல்லுவார். நுரையீரற் காய்ச்சல் முற்றியமையால், அவரை மலையினின்று இறக்கிச் சமவெளி நகரொன்றின் மருத்துவமனையில் தீவிரச் சிகிச்சைப் பிரிவிற் சேர்த்தனர். அங்கே சாளரம் இல்லை, விளக்கு அணைவதில்லை, கருவிகளின் எச்சரிக்கை ஒலி ஓய்வதில்லை, நள்ளிரவிலும் எழுப்பிக் குருதி எடுப்பர். நான்காம் நாள் நண்பகலில், இருட்டிவிட்டதென்றும், காட்டுமாடு பூண்டு வயலில் இறங்கிவிடுமென்றும், தம்மைக் காவலுக்கு விடவேண்டுமென்றும் கூவி, மூக்கிலிருந்த குழாயைப் பிடுங்கினார். கைகளைக் கட்டிலோடு பிணித்தனர். அருகில் நின்ற எம்மை யாரென்று கேட்டார்.

மனத்தெளிவு திடீரெனக் குன்றும் இந்நிலையை டெலிரியம் என்பர். இதற்குக் காரணங்கள் பல; கடுநோயே முதற்காரணம். எனினும் உறக்கம் குலைதலும் இதனோடு நெருங்கிய தொடர்புடையது.

உடலினுள்ளே ஒரு கடிகாரம் உண்டென்பது இக்கால அறிவியலின் துணிபு. மூளையின் அடிப்புறத்தே, இரு கண்களின் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்திற்கு மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கூடி அதனை நடத்துகின்றன. இரவில் மெலடோனின் சுரத்தலும், விடியுமுன் உடல்வெப்பம் தாழ்தலும் அதன் ஏவலால் நிகழ்வன. உயிரணுக்களுள் அஃது இயங்கும் முறையை விளக்கிய ஹால், ராஸ்பாஷ், யங் என்னும் மூவர் 2017-இல் நோபெல் பரிசு பெற்றனர். ஆயினும் அக்கடிகாரம் 24 மணிக்குச் சரியாக ஓடுவதன்று. நாள்தோறும் ஒளியும் இருளும் அதனைத் திருத்துதல் வேண்டும்.

இத்துறையில் உழைத்த பேரறிஞருள் ஒருவர், பழனிமலைக்கு அணித்தாயுள்ள மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியராயிருந்த எம். கே. சந்திரசேகரன். அவரும் மாரிமுத்து, ராஜன் ஆகியோரும் குகைவாழ் வௌவால்களை ஆராய்ந்து 1981-இல் ஓர் உண்மையை வெளியிட்டனர். இருண்ட குகையில் கூண்டிலடைத்த வௌவால், தன் இனம் சூழ இருக்கும்வரை அவை புறப்படும் நேரத்தையே தானும் கைக்கொண்டது. இனமில்லாத வேறு குகையில் தனியே வைத்தபோதோ, அதன் கடிகாரம் புறவுலகின் நாளோடு பொருந்தாது தன்போக்கில் ஓடிற்று. ஒளி புகாவிடத்தில் சுற்றமே பொழுதாயிற்று!

வௌவாலிற் கண்டதை மனிதர்மேல் அப்படியே ஏற்றுதல் முறையன்று. ஆயினும் சாளரமற்ற அறையிற் கிடக்கும் நோயாளியின் நிலையை எண்ணிப் பார்ப்போமாக. அவர் உறக்கம் துண்டு துண்டாய்ச் சிதறி, ஏறத்தாழப் பாதி பகலிலேயே கழிகின்றது. மயக்க மருந்தால் கண் மூடுதல் இயற்கை உறக்கத்திற்கு ஈடாகாது. நோயாளியின் அறையில் இரவு ஒலி 30 டெசிபெல்லுக்கு மேற்படலாகாதென உலகச் சுகாதார நிறுவனம் 1999-இல் அறிவுறுத்தியது; தீவிரச் சிகிச்சைப் பிரிவுகளில் ஒலி அவ்வெல்லையைப் பெரிதும் கடந்து நிற்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன.

இதற்குப் பரிகாரம் யாது? பகலில் விளக்கொளியை மிகுவித்தலே போதுமோ என நெதர்லாந்து நாட்டினர் ஆராய்ந்தனர். டெலிரியம் அதனாற் குறையவில்லையென 2016-இல் வெளியிட்டனர். தனியொன்று போதாதென்பது புலனாகின்றது. 2018-இல் அமெரிக்கத் தீவிரச் சிகிச்சைச் சங்கம் வெளியிட்ட நெறிமுறைகள் பலவற்றை ஒருங்கு செய்யுமாறு கூறுகின்றன: இரவில் ஒளியும் ஒலியும் குறைத்தல், நாளும் இடமும் எடுத்துச் சொல்லுதல், மூக்குக்கண்ணாடியும் செவிக்கருவியும் அணிவித்தல், இயன்றவரை உடலை அசைப்பித்தல் முதலியன.

எம் பாட்டனார்க்கு இவற்றுட் சிலவற்றைச் செய்தவர் முதிய செவிலி ஒருவர். காலைதோறும் மூக்குக்கண்ணாடியை அணிவித்து, "ஐயா, இன்று வியாழக்கிழமை, விடிந்து மணி ஏழாயிற்று" என்பார். இரவில் கட்டிலருகேயுள்ள விளக்கைத் தணித்து, பணிகள் பலவற்றையும் ஒரே வேளையில் முடித்துச் செல்வார். அதனாலேயே தெளிவு பிறந்ததென யாம் துணிந்து கூறோம். காய்ச்சலும் அந்நாட்களில் தணிந்தது. ஒன்பதாம் நாள் பாட்டனார் எம்மைப் பெயர் சொல்லி அழைத்து, பூண்டு பிடுங்கியாயிற்றா என்று வினவினார். ஊர் திரும்பிய பின்னும், இரவு முழுதும் உறங்க அவர்க்கு மாதமொன்று சென்றது.

உயிர்காக்கும் கருவிகளை யாம் இகழ்வதில்லை. அவையின்றேல் பாட்டனார் இன்று இல்லை. ஆனால் கருவி மூச்சைத் தரும், கிழமையைச் சொல்லாது. இக்கல்லூரியினின்று மருத்துவத்துறை புகுவார் பலர். நோயாளியின் படுக்கையருகே உறவினராய் நிற்கப்போவாரோ நம்முள் யாவரும். நோயாளிக்குப் பகலைப் பகலாகவும் யாமத்தை யாமமாகவும் மீட்டுத் தருதல் பெருஞ்செலவு வேண்டாத பணி. அதனையும் மருந்தோடு ஒப்ப எண்ணிச் செய்வோமாக.