படாளத்து மொட்டைமாடியில் விமான ஆண்டெனா

செங்கல்பட்டைத் தாண்டிப் பாலாற்றுப் பாலம் கடந்து ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போனால் படாளம் கூட்டு ரோடு. ஊர்ப் பெயரைச் சொன்னதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கூட்டுறவு சர்க்கரை ஆலையும் கரும்பு வண்டிகளும்தான். நான் போனது ஒரு வீட்டு மொட்டைமாடிக்கு. விமானப்படையில் ரேடியோ மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும், டிப்ளமோ முடித்த அவருடைய அக்கா மகனும் அங்கே ஆண்டெனா செய்கிறார்கள். வரும்படி படகு ஆண்டெனாக்களில்தான். இப்போது கையில் இருப்பது வேறு வேலை. நண்பர் ஒருவர் கட்டிவரும், இரண்டு பேர் உட்காரும் கண்ணாடி இழை விமானத்துக்கு ஆண்டெனா வேண்டும்.

பயணிகள் விமானத்தில் இப்படிக் கையால் செய்ததைப் பொருத்த முடியாது. அங்கே ஒவ்வொரு பாகத்துக்கும் சான்று வேண்டும். சொந்தமாகக் கட்டுகிறவர்களின் உலகம் தனி. 1970களில் அமெரிக்காவில் பர்ட் ரூட்டனின் வேரிஈஸி விமானத்துக்காக ஜிம் வியர் என்பவர் செம்பு நாடாவை இழைக்கு உள்ளேயே ஒட்டி ஆண்டெனா ஆக்கினார். கண்ணாடி இழை ரேடியோ அலையைத் தடுப்பதில்லை. கார்பன் இழை தடுத்துவிடும்.

விமானிகளின் பேச்சு 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரை, இன்றைக்கும் ஏ.எம். முறையில். பழமைப் பற்று மட்டும் காரணமில்லை. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எஃப்.எம்.மில் பலமான குரல் மற்றதை விழுங்கிவிடும். ஏ.எம்.மில் கீச்சென்று ஓர் ஒலி எழும். இன்னொருவரும் கூப்பிடுகிறார் என்று கட்டுப்பாட்டு அறைக்குப் புரிந்துவிடும்.

நடுவில் 127 மெகாஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொண்டால் அலைநீளம் 236 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 59. பையன் பித்தளைக் கம்பியைச் சரியாக 59க்கு வெட்டி, அடியில் நான்கு கம்பிகளை 45 பாகை சரித்துப் பற்றவைத்திருந்தான். அப்படிச் சரித்தால்தான் 36 ஓம் அளவில் இருக்கும் மின்மறுப்பு, கேபிளுக்கு வேண்டிய 50க்குப் பக்கத்தில் வரும்.

அளக்கிற கருவி நானோ வி.என்.ஏ. ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் வடிவமைத்து எல்லோருக்கும் திறந்துவிட்டது. 2019 வாக்கில் சீனத் தயாரிப்பாக உலகமெங்கும் பரவியது. சிறிய தொடுதிரை, விலை சில ஆயிரம் ரூபாய். "சர்வீஸ்ல இருந்தப்ப இந்த மாதிரி மெஷினைத் தொடவே ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போடணும் சார். இப்ப இவன் சட்டைப் பையில வச்சுக்கிட்டுத் திரியறான்" என்றார் பெரியவர்.

மேலே சென்னைப் பக்கம் ஒரு விமானம் இறங்கிப் போனது. ரேடியோவை இணைத்துக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். மறுத்துவிட்டார். அவரிடம் ஹாம் உரிமம் இருக்கிறது, ஆனால் அது விமான அலைவரிசைக்குச் செல்லாது. உரிமமில்லாமல் ரேடியோ கருவி வைத்திருப்பதைத் தடுத்த 1933ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் அவர் மனதில் உயிரோடுதான் இருக்கிறது. மாடியில் அளப்பது மட்டும்தான்.

பையன் ஓப்பன், ஷார்ட், 50 ஓம் லோடு என்று மூன்றையும் வரிசையாக மாட்டிக் கருவியைச் சரிப்படுத்தினான். பிறகு ஒரு பழைய கேபிளை ஆண்டெனாவோடு இணைத்தான். திரையில் எஸ்.டபிள்யூ.ஆர். 1.3. "சூப்பர் மாமா!"

பெரியவர் எழுந்து வரவில்லை. "கேபிள் நுனியில ஒரு 50 ஓம் ரெசிஸ்டரை மாட்டு. 1.0 காட்டும். அது பேசுமா?"

எனக்கு இந்தக் கேள்விதான் அந்த வேலையின் மையமாகப் பட்டது. போன சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்பதைத்தான் இந்த அளவு சொல்லும்; ஒன்றை நெருங்கினால் திரும்புவது குறைவு. திரும்பாதது காற்றில் போனதா, வழியிலேயே சூடாகிப் போனதா என்பது அதற்குத் தெரியாது. கேபிள் பழசானால் போகும்போதும் தின்கிறது, வரும்போதும் தின்கிறது. அதனால் மோசமான ஆண்டெனாவும் திரையில் யோக்கியனாகத் தெரியும். கருவி மலிவானதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் நல்ல எண்ணைப் பார்த்ததும் வேலை முடிந்துவிட்டதாக நினைக்கிற பழக்கமும் கூடவே மலிவாகிவிட்டது.

கருவியின் இரண்டாவது முனையைப் பெரியவர் பயன்படுத்தினார். மாடியின் மறுகோடியில் ஒரு சிறு ஆண்டெனாவை நிறுத்தி, இங்கிருந்து போவது அங்கே எவ்வளவு சேர்கிறது என்று பார்த்தார். பிறகு நல்ல ஆர்.ஜி. 400 கேபிளை மாற்றி மறுபடியும் பார்த்தார். நான்கு டெசிபல் வித்தியாசம். பாதிக்கு மேல் பழைய கேபிளிலேயே போயிருக்கிறது. புதுக் கேபிளில் எஸ்.டபிள்யூ.ஆர். 2 என்று ஏறியது. பையன் முகம் சுருங்கியது.

"கேபிளைப் பிடிச்சுப் பாரு" என்றார். பிடித்தான், திரையில் கோடு ஆடியது. கேபிளின் வெளி உறையும் ஆண்டெனாவாகிவிட்டது என்று அர்த்தம். ஆண்டெனா பக்கத்து முனையில் ஃபெரைட் வளையங்களைக் கோத்ததும் ஆட்டம் அடங்கியது. இப்போது கோட்டின் பள்ளம் 121 மெகாஹெர்ட்ஸில் தெளிவாக நின்றது. கம்பி நீளம் அதிகம். உலோகக் கம்பியைக் கணக்கைவிட ஐந்து சதவீதம் போலக் குறைத்தால்தான் அலைக்குப் பொருந்தும்.

"எவ்வளவு மாமா வெட்டணும்?"

"ரெண்டரை, மூணு சென்டிமீட்டர் வரும். ஒரேயடியா வெட்டிடாதடா. ஒரு சென்டிமீட்டர் எடுத்துட்டு அளந்து பாரு. நடுவுல மட்டும் நல்லா இருந்தாப் போதாது, 118லயும் 136லயும் ரெண்டுக்குக் கீழ நிக்கணும்."

பையன் ஆக்சா பிளேடை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.