மூலையில் குவித்த மிட்டாய்



அமெரிக்காவின் சிகாகோ கலைக்கழக அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பெற்ற படைப்பு ஒன்று, அறையின் மூலையில் குவித்த மிட்டாய்தான். வண்ண வண்ணப் பளபளப்புத் தாளில் சுற்றிய மிட்டாய்கள். வருவோர் ஒன்றை எடுத்துச் சுவைக்கலாம். 'தொடாதே' என்பதையே அருங்காட்சியகத்தின் முதற்பாடமாகக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு எத்தகைய விருந்து! பெரியவர்க்கோ, பிறந்தநாளன்று வகுப்பில் கைநிறைய மிட்டாய் வாங்கிய நாள் நினைவில் வரும்.

இதனை 1991-இல் படைத்தவர் பெலிக்ஸ் கொன்சாலஸ்-தோரஸ். 1957-இல் கியூபாவில் பிறந்தவர், தன்பாலீர்ப்பாளர். அவர்தம் வாழ்க்கைத்துணை ராஸ் லேகாக் அதே 1991-இல் எய்ட்ஸ் நோயால் மறைந்தார். படைப்பின் தலைப்பு இதனை ராஸின் உருவப்படம் என்கிறது. ஆனால், முகம் இல்லை. குவியலுக்குக் குறித்த எடை 175 பவுண்டு, ஏறத்தாழ 79 கிலோகிராம். நலமாயிருந்த ராஸின் உடலெடை அது எனப் பலரும் பொருள் கொள்வர். ஒவ்வொருவரும் ஒன்றெடுக்கக் குவியல் மெலிகிறது, நோயாளியின் உடலைப் போல. பின்னர் மீண்டும் நிரப்பலாம். 1996-இல், தம் 38-ஆம் வயதில், கொன்சாலஸ்-தோரஸையும் அந்நோயே கொண்டுபோயிற்று.

அவர் தம் துயரைத் தெருவிலும் வைத்தார். 1992-இல் நியூயார்க்கில் 24 இடங்களில் விளம்பரப் பலகைகள் எழுந்தன: கலைந்த படுக்கை, இரு தலையணைகள், தலை பதிந்த தடங்கள். எழுத்தே இல்லை. அதைக் கண்ட வழிப்போக்கர் எதை விற்கிறார்கள் என்று தேடியிருப்பர்!

2022-இல் ஒரு சிக்கல் எழுந்தது. மிட்டாய்க் குவியலருகே இருந்த விளக்கக் குறிப்பில், ராஸ் யார், எந்நோயால் இறந்தார் என்பது காணப்படவில்லை. கண்டனம் வலுக்கவே, அருங்காட்சியகம் குறிப்பைத் திருத்தி அவற்றைச் சேர்த்தது. அச்செய்தி இல்லாவிடினும் மிட்டாய் இனிக்கும். ஆனால் பிள்ளை தின்பது வெறும் மிட்டாய்தான்.

"சிறுவர்க்கு இது எதற்கு?" எனப் பெற்றோர் வினவலாம். அக்கவலையை நான் எளிதாகத் தள்ளமாட்டேன். பத்து வயது மாணவரிடம் எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. "அவர் உயிராய் நேசித்த துணைவர் நோயுற்று இறந்தார், அவர் நினைவாக இதைச் செய்தார்" என்றால் போதும். சாவையும் பிரிவையும் பிள்ளைகள் அறிவர். பாட்டியை இழந்த பிள்ளை எந்த வகுப்பில் இல்லை? 'துணைவர்' என்னுமிடத்தில் 'நண்பர்' என்று மழுப்புவதை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. வகுப்பில் எவரேனும் ஒரு மாணவர், பிறரறியாமல், அச்சொல்லுக்காகவே காதைத் தீட்டிக்கொண்டு அமர்ந்திருக்கக்கூடும்.